வெங்காயத்துக்குப் போன கரண்ட்

எங்கள் தோட்டத்து வீட்டில் எந்தப் பொருள் கெட்டாலும், கெடுத்தது யார் என்பதுதான் முதலில் முடிவாகும். என்ன கெட்டது என்பதை அப்புறம் நிதானமாகப் பார்ப்பார்கள். மிக்சி நின்றால் என் மாமியார். பைக் நின்றால் என் வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் நின்றபோது நான். அதில் ஒருத்தருக்கும் துளி சந்தேகம் வரவில்லை.

நான் பார்ப்பது மருத்துவக் குறிப்புகளைத் திருத்தும் வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒரு மென்பொருள் அதை எழுத்தாக்கித் தரும். அது தப்பும் தவறுமாக எழுதி வைத்திருப்பதை, நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் திருத்த வேண்டும். மாத்திரையின் அளவில் ஒரு சுழியம் கூடினாலும் யார் உயிருக்காவது ஆபத்து. கம்பெனி சேலத்தில், சூரமங்கலம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் அங்கே போய் வேலை பார்த்தவள் நான். ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வாழ வந்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கினேன். ஆபீசுக்குப் போவதென்றால் அந்த வேலையே வேண்டாம் என்று என் மாமனார் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆக, வீட்டில் கம்ப்யூட்டர் ஓடினால் எனக்கு வேலை உண்டு. ஓடாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் கணக்கு.

அந்த மார்கழியில்தான் அது அணைய ஆரம்பித்தது. ஒரு எச்சரிக்கை கிடையாது, கோளாறு என்று காட்டும் நீலத்திரைகூடக் கிடையாது. டாக்டர் ஒருவர் யாருடைய குடல்வாலைப் பற்றியோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று திரை கறுத்துவிடும். நான் பாதி திருத்திய கோப்பு வேறு யாருக்கோ போய்விடும். மறுபடி பொத்தானை அமுக்கினால் சில நேரம் எழுந்திருக்கும். சில நேரம் இரண்டு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் பக்கம் இருந்தார். போனில் சொன்னேன். "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சுப் பாரு" என்றார். பூமியில் ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறவருக்கு, எந்த இயந்திரம் கோளாறு செய்தாலும் எதையாவது கழற்றித் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. தேய்த்தேன். பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் அந்தப் பொன்னிறப் பற்களைப் பளபளவென்று தேய்த்து மாட்டினேன். அன்றைக்கு மத்தியானமே அணைந்தது.

"சும்மா சும்மா அதைப் பிரிச்சா அணையாம என்ன பண்ணும்?" என்றார் மாமனார், வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே. தோட்டத்திலிருந்து டீ குடிக்க வந்திருந்தார். அந்தச் சமயத்தில் அவர் வருவதும் என் கம்ப்யூட்டர் செத்துக் கிடப்பதும் எப்போதும் ஒன்றாகவே நடந்தன. மனிதர் என்னை வேவு பார்க்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. "நாளு முச்சூடும் அது மேலயே உக்காந்திருக்கற. மனுசனா இருந்தாலும் களைச்சுப் போவானல்ல?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இவர் டிராக்டர் நாள் முழுக்க உழுதால் அது உழைப்பு. என் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் அது என் குற்றம்.

ராசிபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரச் சொன்னேன். வந்தவர் வாசலில் நின்றபடியே, "ஏனுங்க, அண்ணன் இல்லீங்களா?" என்றார்.

"அண்ணன் வெளியூருங்க. கம்ப்யூட்டர் என்னுதுங்க. என்கிட்டயே சொல்லுங்க."

அவருக்கு அது ஒப்பவில்லை. உள்ளே வந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, மாமனாரிடம் போய், "பவர் சப்ளை போயிருச்சாட்ட இருக்குதுங்க பெரியவரே" என்றார். பவர் சப்ளை என்றால் என்னவென்று மாமனாருக்கும் தெரியாது. ஆனால் ரொம்ப நாளாக அவரே சந்தேகப்பட்டு வந்த விஷயம்போலத் தலையை ஆட்டினார். பவர் சப்ளையை மாற்றினோம். இரண்டு நாள் கழித்து அணைந்தது. பிராசசருக்கு மேல் பசை காய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதுப் பசை தடவினார். அணைந்தது. வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டார். கம்பெனியின் மென்பொருளை அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லி சேலத்துக்குப் போன் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை வறண்டது. ஏற்றிய அன்றைக்கே, மத்தியானத்துக்கு முன்னாலேயே அணைந்தது.

கடைசியில் கடைக்கே கொண்டு வரச் சொன்னார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்தி, முழங்கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்தபடி ராசிபுரம் போய்ச் சேர்ந்தேன். நாள் முழுக்கக் கடையில் ஓடவிட்டார். சும்மா அல்ல, பாட்டு, படம், கேம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினார். ஒரு சிணுங்கல் இல்லை. "ஜம்முனு ஓடுதுங்க. உங்க ஊட்டுலதாங்க என்னமோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் காலையில் அணைந்தது.

அதைவிடக் கொடுமை, அந்த ஆள் மாமனாருக்குப் போன் போட்டு, "பொட்டியில ஒரு குறையும் இல்லீங்க, ஓட்டறவிங்க கைப்பக்குவந்தானுங்க" என்று சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்துபோகுமளவுக்குத் தட்டியிருக்கிறேன். எனக்குக் கைப்பக்குவம் இல்லையாம்! கம்ப்யூட்டர் என்ன சுண்டக்குழம்பா, கைப்பக்குவத்தில் கெட்டுப்போக?

அடுத்து யூ.பி.எஸ். பக்கம் போனோம். பழையதில் பேட்டரி செத்திருந்தது நிஜம்தான். புதிதாக வாங்கி வைத்தோம். இப்போது ஒரு முன்னேற்றம்: பட்டென்று அணைவதற்குப் பதிலாக, யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கீ கீ என்று கத்தி அழுதுவிட்டு அப்புறம் அணைந்தது. கரண்ட் போனால்தான் அது கத்த வேண்டும். நான் தலையைத் தூக்கிப் பார்த்தால் பல்பு எரிகிறது. சமையலறையில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் அதற்குள்ளும் விளக்கு எரிகிறது. டெஸ்டரைச் சுவரில் குத்தினால் அதிலும் வெளிச்சம். கரண்ட் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டதென்று ஒப்பாரி வைக்கும் யூ.பி.எஸ்ஸை என்ன செய்வது? ரிப்பேர்காரர் ஒரு சாயங்காலம் மீட்டரோடு வந்து பிளக்கில் வைத்துப் பார்த்தார். முள் சரியான இடத்தில் நின்றது. "கரண்டு தெளிவா வருதுங்க" என்று மாமனாரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருப்பவள் என்னைவிடச் சின்னப் பெண். என்மேல் பிரியம் உள்ளவள். அவளே ஒருநாள் போன் போட்டாள்.

"அக்கா, நானும் மேல இருக்கறவங்ககிட்ட எவ்வளவுதான் சமாளிப்பேன்? இன்னொருக்கா நடுவுல கட்டானா வீட்டு வேலையை நிறுத்திடச் சொல்லீட்டாங்க. ஆபீஸ் வந்துடறீங்களான்னு கேக்கறாங்க."

"ஆபீஸ் வர முடியாதுன்னு உனக்குத் தெரியும் கண்ணு."

"தெரியும்க்கா. அதனாலதான் முன்னாடியே சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆங்காரத்தில். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்யாத தப்புக்கு என் வேலை போகப் போகிறது. அதை இந்த வீடு எப்படிப் பேசும் என்றும் எனக்குத் தெரியும். 'பாவம், கம்ப்யூட்டர் வேலை செய்யல, உட்டுட்டா' என்று உறம்பரை சொந்தபந்தங்களிடம் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அழுததைப் பார்த்தோ என்னவோ, மாமனார் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "சூடு ஏறித்தான் அணையுது அம்மிணி. மூடியைக் கழட்டிப் போட்டுட்டு காத்தாடியைத் திருப்பி வையி" என்று பழைய டேபிள் ஃபேனைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசைப் பக்கத்தில் வைத்தார். மார்கழிக் குளிரில் எதற்குச் சூடு ஏறும் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. அன்புதானே என்று அடக்கிக்கொண்டேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பினேன். அந்தக் குளிரில் வீட்டில் ஓடிய ஒரே ஃபேன் அதுதான். மற்ற ஃபேன்களைப் போடவே இல்லை.

மறுநாள் முற்பகல். டாக்டர் ஒருத்தி ரொம்ப வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். காலின்மேல் படுகிற காற்று குறைவதை உணர்ந்து குனிந்து பார்த்தேன். ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அப்படிச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யூ.பி.எஸ். கீ கீ என்றது. ஹெட்செட்டைக் கழற்றினேன். சமையலறையில் ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர் டக், டக் என்று அடித்துக்கொண்டது. அதற்கும் அப்பால், கிணற்று மேட்டிலிருந்து, மோட்டார் ஓடும் உறுமல்.

திரை கறுத்தது. நான் கறுத்த திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கிணற்று மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மோட்டார் ரூமிலிருந்து மாமனார் வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீ குடிக்க வீட்டை நோக்கி நடந்து வந்தார்.

அடப்பாவமே! என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது எல்லோரும் செய்வதுதான். கிணற்று மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அந்தப் பருவத்தில் எங்களுக்கு மூன்று பேஸ் வந்தது பெரும்பாலும் ராத்திரியில்தான். பகலில் இரண்டு பேஸ்தான் வரும். குளிரில், பாம்பு பூச்சிக்கு நடுவே, யார் டார்ச் லைட்டோடு போய் வாய்க்காலைத் திருப்புவது? அதற்கு இங்கே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி கண்டென்சர். டப்பா மாதிரி ஒன்று. அதை மோட்டாரில் இணைத்துவிட்டால் இரண்டு பேஸிலேயே மோட்டார் எழுந்து ஓடும். ஓடுவதற்கு வேண்டிய கரண்ட்டை அந்த இரண்டு பேஸிலிருந்தே அள்ளி இழுத்துக்கொள்ளும். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அந்த மார்கழியில் சின்ன வெங்காயம் நட்டிருந்தார் மாமனார். நட்ட கையோடு கண்டென்சரும் மாட்டியிருந்தார். குண்டு பல்பாக இருந்திருந்தால் மினுக்கி மினுக்கி எங்களுக்குச் சொல்லியிருக்கும். எல்.ஈ.டி. பல்புகள் பாதிக் கரண்ட்டிலும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தன. சாயங்காலம் மோட்டார் ஓடாது. அதனால்தான் மீட்டர் வைத்துப் பார்த்தபோது முள் சரியாக நின்றது.

இத்தனை நாளும் மோட்டாரைப் போட்டு என் கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டு, டீ குடிக்க வந்து, செத்துக் கிடப்பதைப் பார்த்து எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்!

சொன்னேன். டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, கூடிய மட்டும் பணிவாகத்தான் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"மோட்டாரு கெணத்து மேட்டுல ஓடுது. உன்ற பொட்டி ஊட்டுக்குள்ள இருக்குது. அதுக்கும் இதுக்கும் என்ன அம்மிணி சம்மந்தம்?"

"மோட்டாரை அணைச்சுட்டுப் பாருங்க மாமா. ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு பாருங்க."

அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ஃபேன் விர்ரென்று எழுந்தது. போடச் சொன்னார். தொய்ந்தது. கண்ணால் பார்த்தார். நம்பவில்லை. ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். "ஆமாங்க பெரியவரே, வோல்டேஜ் எறங்குனா அணையத்தானுங்க செய்யும்" என்று அந்த மகாராஜன் சொன்ன பிறகுதான் நம்பினார். நான் கண்ணெதிரே காட்டியது சாட்சியாகவில்லை. என் கைப்பக்குவத்தைப் பழித்த ஆள் ராசிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆமாம் போட்டால் அது வேதம்.

சரி, நம்பிவிட்டார். இனி மோட்டாரைச் சாயங்காலம் போடுவார் என்று நினைத்த என்னை என்ன சொல்வது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அதுக்கென்ன பண்றது? வெங்காயம் தண்ணியில்லாமச் செத்தா மறுக்கா பொழைக்காது. உன்ற பொட்டி அணைஞ்சா பொத்தானை அமுக்குனா வந்துருதல்ல?"

அத்தை கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கோளாறு என்னவென்று தெரியவில்லை, அதனால் திட்டினார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் இதுதான் பதில். அவர் செய்வது வெள்ளாமை. நான் செய்வது பொத்தான் அமுக்குவது. நானும் வெங்காயக் காட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். முந்தாநாள் தண்ணீர் கட்டிய வயல் இந்தக் குளிரில் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் வேலைக்காகக் காத்திருக்கத்தான் அவருக்கு மனசில்லை.

அன்றைக்கு அணைந்ததையும் சேலத்தில் பார்த்துவிட்டார்கள். "நாளைக்கு ஒரு நாள்தான் அக்கா. நாளைக்கு மட்டும் கட்டாகாம முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா நான் பேசிக்கறேன்" என்றாள் எங்கள் குழுத் தலைவி. மாமனாரிடம் போய், நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்று கேட்டேன். "பாக்கலாம் கண்ணு" என்றார். அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நேரம், ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். எங்கள் அப்பன் வீட்டில் பீஸ் போனால் கம்பி கட்டுவது நான்தான். எனக்குப் பயமில்லை. மெயினை இறக்கினேன். பீஸ் கம்பி கட்டிய கேரியர் ஒன்றைப் பிடித்து இழுத்தேன்; அது இல்லாமல் மோட்டார் எழுந்திருக்காது. வெள்ளைப் பீங்கான், கனமாகத்தான் இருந்தது. துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல், மவுசுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஹெட்செட்டை மாட்டினேன்.

யாரோ ஒரு கிழவருக்கு நெஞ்சுவலி. ஒரு பெண்ணுக்குப் பிரசவம். கோப்பு கோப்பாக முடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். முற்பகலில் வெளியே சத்தம் கேட்டு ஒரு காதை மட்டும் திறந்தேன்.

"பீஸ் கேரியரையே காணாமுங்க! எந்தக் களவாணிப் பயன்னு தெரியல. கேபிளையும் பாருங்க, அறுத்துட்டுப் போயிருப்பான்!" என்று மாமனார் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். அத்தை கிணற்று மேட்டைச் சுற்றிச் சுற்றித் தேடினார். எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு, கடைசியாக என் அறை வாசலுக்கு வந்தார் மாமனார். மூச்சு வாங்கியது.

"சாமி, மோட்டார் ரூம் பக்கம் யாராச்சும் வந்தாங்களா, பாத்தியா?"

"நான்தானுங்க மாமா வந்தேன்."

அவர் கண் மேசைக்குப் போனது. மவுசுக்குப் பக்கத்தில் அது இருந்தது. முகம் சிவந்தது. அறைக்குள் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"இருங்க மாமா." எழுந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கு உயர்ந்துவிட்டது. "எடுத்துக்கோங்க. நான் தடுக்கலீங்க. ஆனா அதைக் கொண்டுபோய் மாட்டுன உடனே என்ற வேலை போயிரும். நாளைக்குப் பொத்தானை அமுக்குனா அது வராது. போனது போனதுதானுங்க. என்ற வேலையைப் போக்கறதுன்னா உங்க கையால போக்குங்க. கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கையை நீட்டினார். பீங்கானைத் தொட்டார். என் திரையில் பாதி திருத்திய கோப்பு நின்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. கையை எடுத்துக்கொண்டார். வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"எத்தன மணிக்கு முடியுது உனக்கு?"

இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். பால்காரர் எப்போது வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். என் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இதைக் கேட்க வைக்க நான் பீஸைப் பிடுங்க வேண்டியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு வந்தது கோபம்தான்.

"அஞ்சரைக்குங்க மாமா" என்றேன்.

"செரி. அஞ்சரைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.